கணினியின் சாவி யார் கையில்? – 9: மியூனிக் நகரமன்றத்தின் 14,000 மேசைகள்

2003 மார்ச் மாதம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையில் இருந்தார். அதை நடுவில் விட்டுவிட்டு மியூனிக்குக்குக் கிளம்பி வந்தார். அவர் பார்க்க வந்தது அந்நகர மேயர் கிறிஸ்டியான் ஊடேயை. ஒரு நகர நிர்வாகம் தன் அலுவலகக் கணினிகளில் இனி எந்த மென்பொருளை வைத்துக்கொள்ளலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்த யோசனையைத் திருப்பிவிடத்தான் உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனத்தின் தலைவரே நேரில் வந்தார்.

சென்ற பகுதியில் ஷ்வேபிஷ் ஹால் என்ற ஊரைப் பார்த்தோம். அப்போது மக்கள்தொகை நாற்பதாயிரத்தைத் தொட்டிராத, சில நூறு கணினிகள் மட்டுமே இருந்த சிற்றூர் நிர்வாகம் அது. அங்கே கட்டற்ற இயங்குதளமான லினக்ஸ் வந்ததை உள்ளூர்ச் செய்தியாக எண்ணிக் கடந்து போகலாம். மியூனிக்கை அப்படிக் கடக்க முடியாது. பவேரிய மாநிலத்தின் தலைநகர், ஜெர்மனியின் மூன்றாவது பெரிய நகரம். நகர நிர்வாகத்திடம் அப்போது ஏறத்தாழ 14,000 கணினிகள் இருந்தன. அவற்றில் 16,000 ஊழியர்கள் வேலை செய்தார்கள். பிறப்புப் பதிவு, கட்டட அனுமதி, தீயணைப்பு, குப்பை, பள்ளிக்கூடம், கல்லறை என்று நகரத்தின் அத்தனை வேலையும் அந்தக் கணினிகள் வழியாகத்தான் நடந்தது.

ஊடே சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். 1993-லிருந்து மேயர். கணினியில் அவருக்குத் தனி ஈடுபாடு ஏதும் கிடையாது. அவரை இந்த விஷயத்துக்குள் இழுத்தது ஒரு கெடு. அந்த 14,000 கணினிகளிலும் ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் என்.டி. 4.0. அதற்கான ஆதரவை 2004-க்குள் நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. ஆதரவு நின்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. புதிதாக வாங்கும் அச்சுப்பொறியும் வேலை செய்யாமல் போகலாம். கணினி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஊழியர்களுக்கும் கைப்பழக்கம் ஆகிவிட்டது. ஆனாலும் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். எப்போது மாற்றுவது என்பதை நகரம் தீர்மானிக்கவில்லை, அமெரிக்காவில் இருந்த ஒரு நிறுவனம் தீர்மானித்தது.

இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான். கட்டற்ற மென்பொருள் என்றதும் பலர் முதலில் கேட்பது விலையைத்தான். உரிமக் கட்டணம் மிச்சமாகும் என்பது உண்மை, அதுவும் முக்கியந்தான். மியூனிக் நகரமன்றத்தை அசைத்தது அதைவிடப் பெரிய கேள்வி. ஒரு மென்பொருளின் மூலநிரல் பூட்டி வைக்கப்பட்டிருந்தால் அதைத் திருத்தவும், அதன் ஆயுளை நீட்டவும், வேறொருவரை அழைத்துப் பழுது பார்க்கச் சொல்லவும் உரிமையாளரைத் தவிர யாராலும் முடியாது. மூலநிரல் திறந்திருந்தால் இந்த மூன்றையும் நகரமே செய்துகொள்ளலாம், அல்லது உள்ளூர் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கலாம். நகர நிர்வாகத்தின் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே விவாதத்துக்கு வந்தது.

நகரம் அவசரப்படவில்லை. யூனிலாக் இன்டெக்ராட்டா என்ற ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தி, மைக்ரோசாஃப்டிலேயே தொடர்வது, லினக்ஸுக்கு மாறுவது என்ற இரண்டு வழிகளையும் எடை போடச் சொன்னது. வந்த அறிக்கை சுவையானது. வெறும் பணக் கணக்கில் மைக்ரோசாஃப்ட் வழி மலிவு: மைக்ரோசாஃப்ட் கேட்டது 3.66 கோடி டாலர், லினக்ஸ் வழிக்கு ஐ.பி.எம்.-சூசே கூட்டணி கேட்டது 3.95 கோடி டாலர். ஆனால் நீண்டகாலச் சார்பு, பாதுகாப்பு, நெகிழ்வு போன்றவற்றையும் சேர்த்து 10,000-க்கு மதிப்பெண் போட்டபோது லினக்ஸ் வழி 6,218 வாங்கியது, மைக்ரோசாஃப்ட் வழி 5,293.

பால்மர் வந்துபோன பிறகு மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்தது. முதலில் 3.19 கோடி, பிறகு 2.37 கோடி டாலர். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளுபடி. அதோடு பயிற்சி, ஆதரவுச் சேவைகள், அடுத்த மேம்படுத்தலை ஆறு ஆண்டுகள் வரை தள்ளிப்போட அனுமதி என்று சலுகைகளும் வந்தன. முந்தின நாள்வரை அசையாத விலை, போட்டிக்கு ஓர் ஆள் வந்ததும் இவ்வளவு தூரம் இறங்கியதே என்பது நகரமன்ற உறுப்பினர்களின் சந்தேகத்தைத்தான் வளர்த்தது. இதுவரை நாம் கொடுத்துவந்த விலை என்ன விலை என்ற கேள்வி தானாகவே எழுமல்லவா?

2003 மே 28 அன்று நகரமன்றம் லினக்ஸ் பக்கம் வாக்களித்தது. மரியன்பிளாட்ஸ் சதுக்கத்தில், பகலில் மணி அடிக்கும்போது பொம்மைகள் சுற்றி ஆடும் கோபுரம் கொண்ட அந்த மாளிகைதான் நகரமன்றம். உலகமெங்கும் செய்தி ஆனது. சமூக ஜனநாயகக் கட்சியும் பசுமைக் கட்சியும் ஆதரித்தன. பவேரியாவை ஆண்ட கிறிஸ்தவ சமூக ஒன்றியம் எதிர்த்தது. திட்டத்துக்கு வைத்த பெயர் லிமுக்ஸ். லினக்ஸையும் மியூனிக்கையும் ஒட்டிப் பிறந்த சொல்.

பின்னர் பில் கேட்ஸ் மியூனிக் வந்தபோது நடந்ததாக ஊடே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியிருக்கிறார். விமான நிலையத்துக்குப் போகும் காரில் இருவரும் பேசிக்கொண்டு போனார்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்ஸ் கேட்டார். யாரையும் சார்ந்திராமல் இருப்பதற்காக என்றார் ஊடே. யாரை என்று கேட்டதற்கு, உங்களைத்தான் என்று பதில் சொன்னாராம். மேயர் பின்னாளில் தன் பக்கத்திலிருந்து சொன்ன கதை இது, அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நகரமன்றத் தீர்மானத்தின் சாரம் அதில் இருக்கிறது.

வாக்கெடுப்பு முடிந்ததும் மறுநாளே குறுந்தகடு எடுத்துக்கொண்டு யாரும் கிளம்பிவிடவில்லை. ஓராண்டு சோதனை நடந்தது. 2004 ஜூன் 16 அன்று நகரமன்றம் மறுபடி கூடி, திட்டத்தைத் தொடங்கலாம் என்று உறுதிசெய்தது. அதே ஆகஸ்டில் ஒரு தடை. ஐரோப்பிய ஒன்றியம் மென்பொருளுக்குக் காப்புரிமை வழங்கும் சட்டம் ஒன்றை அப்போது பரிசீலித்துக்கொண்டிருந்தது. அது நிறைவேறினால் லினக்ஸில் உள்ள ஏதோ ஒரு நுட்பத்துக்காக நகரத்தின் மேல் வழக்கு வரலாமே என்று பசுமைக் கட்சி உறுப்பினர் ஒருவர் எச்சரித்தார். திட்டத்துக்கு ஆதரவானவரின் கவலைதான் அது. ஒப்பந்தப்புள்ளி சில வாரம் நிறுத்தி வைக்கப்பட்டது, வழக்கறிஞர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது, வேலை தொடர்ந்தது. அந்தச் சட்டத்தை 2005 ஜூலை 6 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 648-க்கு 14 என்ற வாக்கில் தூக்கி எறிந்தது.

சோதனைக் காலத்தில் கூட இருந்த ஐ.பி.எம்., சூசே நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கிடைக்கவில்லை. 2005 ஏப்ரலில் நகரம் டெபியனைத் தேர்ந்தெடுத்தது. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாமல், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் லினக்ஸ் வகை அது. நடைமுறைப்படுத்தும் வேலை சாஃப்ட்கான், கோனிகஸ் என்ற இரண்டு ஜெர்மன் நிறுவனங்களுக்குப் போனது. ஒரு பெரிய நிறுவனத்தை விட்டு வந்து இன்னொரு பெரிய நிறுவனத்தின் மடியில் உட்காரக் கூடாது என்று அவர்கள் நினைத்ததில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பின்னாளில் டெபியனின் வழி வந்த உபுண்டுவுக்கு மாறினார்கள்.

இனி வருவதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. செய்தித்தாள்கள் இதை அதிகம் எழுதவில்லை.

கணினிகளை எண்ண ஆரம்பித்தபோதுதான் நகரத்துக்கே ஒன்று தெரியவந்தது. ‘நகர நிர்வாகத்தின் கணினி அமைப்பு’ என்று ஒன்று இல்லவே இல்லை. இருபதுக்கு மேற்பட்ட தனித்தனிக் கணினிப் பிரிவுகள் இருந்தன. துறைக்கு ஒன்று, சில துறைகளில் அதற்கும் மேலே. ஒவ்வொரு பிரிவும் தன் இஷ்டத்துக்கு விண்டோஸை நிறுவியது, தன் இஷ்டத்துக்குக் கடவுச்சொல் விதி வைத்தது, தன் இஷ்டத்துக்கு மென்பொருள் வாங்கியது. ஒரே வேலைக்கு மூன்று துறைகள் மூன்று மென்பொருள் வைத்திருந்தன. லினக்ஸை எதன் மேல் நிறுவுவது என்று பார்க்கப் போனவர்கள், ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போய் அது இருபது வீடு என்று கண்டுகொண்டவர்களைப் போல நின்றார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் படிவங்களில் இருந்தது. பத்தாண்டு வேர்ட் பழக்கத்தில் ஒவ்வொரு அலுவலகமும் ஆயிரக்கணக்கில் வார்ப்புருக்களையும் மேக்ரோக்களையும் சேர்த்து வைத்திருந்தது. மேக்ரோ என்பது ஆவணத்துக்குள்ளேயே எழுதி வைக்கும் சின்ன நிரல். கட்டணத்தைக் கூட்டிப் போடும், தேதியை நிரப்பும், முகவரியை எடுத்து வைக்கும். கணினி தெரிந்த ஒரு குமாஸ்தா எப்போதோ தன் வசதிக்காக எழுதியிருப்பார். அவர் மாற்றலாகிப் போயிருப்பார், ஓய்வும் பெற்றிருப்பார். அவர் எழுதியது மட்டும் அங்கேயே இருந்து துறையின் பாதி வேலையைச் செய்துகொண்டிருக்கும். அது எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. மைக்ரோசாஃப்ட் மொழியில் எழுதிய அந்த மேக்ரோ, வேர்டின் இடத்துக்கு வரவிருந்த கட்டற்ற மென்பொருளான ஓப்பன் ஆபீஸில் ஓடாது. ஆக, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, இது என்ன செய்கிறது, இன்னும் தேவையா, வேறு துறையிலும் இதே போல் இருக்கிறதா என்று கேட்டாக வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த வேதனை புதிதில்லை. ஒருங்குறி பரவுவதற்கு முன்பு, தனியார் எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்து வைத்த புத்தகக் கோப்பைப் பத்தாண்டு கழித்து நானும் ஒருமுறை திறந்தேன். திரையில் நிறைந்தது பொருளில்லாத ஆங்கில எழுத்துகள். வார்த்தைகள் என்னுடையவை, அவற்றைப் படிக்கும் திறவுகோல் இன்னொருவருடையது. மியூனிக் ஊழியர்கள் தங்கள் சொந்தப் படிவங்களின் முன்னால் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெர்மன் அரசு அலுவலகக் கடிதம் ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நம் அலுவலகக் கடிதங்களில் பெறுநர், பொருள், பார்வை எழுதி, கீழே நகல் யார் யாருக்கு என்று போடுவோம் அல்லவா? அங்கே கடிதத்துக்கே ரோமன் எண்கள் உண்டு. முதல் எண்ணில், மனுதாரருக்குப் போகும் கடிதம். இரண்டாம் எண்ணில், முதலாவதன் நகல் இன்ன துறைக்கு. மூன்றாம் எண்ணில், இன்ன தேதியில் கோப்பை மறுபடி என் மேசைக்குக் கொண்டுவரவும். நான்காம் எண்ணில், கோப்பில் சேர்க்கவும். இவை எல்லாம் ஒரே தாளில் எழுதப்படும். ஆனால் மனுதாரருக்குப் போகும் தாளில் முதல் எண்ணுக்குக் கீழே ஒன்றும் தெரியக் கூடாது. மற்றத் துறைக்குப் போகும் பிரதியில் அதற்குரிய வரி மட்டும் இருக்க வேண்டும். கோப்பில் வைக்கும் பிரதியில் எல்லாம் இருக்க வேண்டும்.

ஒரு கடிதம், நான்கு முகம். தட்டச்சுப்பொறிக் காலத்தில் கார்பன் தாளை நகர்த்தி நகர்த்தி இதைச் சாதித்தார்கள். வேர்டில் மேக்ரோக்கள் சாதித்தன. ஓப்பன் ஆபீஸில் இதற்கு வழியே இல்லை. அமெரிக்காவிலோ வேறெங்கோ உட்கார்ந்து அலுவலக மென்பொருள் எழுதுகிறவருக்கு பவேரிய அலுவலகத்தின் ரோமன் எண்கள் எப்படித் தெரியும்?

நகரத்தின் சொந்த நிரலாளர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். ஓப்பன் ஆபீஸோடு ஒட்டி வேலை செய்யும் ஒரு துணை மென்பொருள். ஊழியர் காலையில் கணினியைத் திறந்தால் திரையில் ஒரு சிறு பட்டை இருக்கும். அதில் தன் துறையின் வார்ப்புருவைத் தேர்ந்தெடுத்தால் நகரத்தின் சின்னம், துறையின் பெயர், அவரது பெயர், அறை எண், தொலைபேசி எண் எல்லாம் மையத் தகவல் தொகுப்பிலிருந்து வந்து நிரம்பிவிடும். அறை மாறினால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும். ரோமன் எண்களைப் போட்டு அச்சிடச் சொன்னால், எந்தப் பிரதியில் எந்த வரி இருக்க வேண்டும் என்று அதுவே பார்த்துக்கொள்ளும்.

அதற்கு வைத்த பெயர் வோல்முக்ஸ். எல்லாத் தேவைக்கும் ஒரே பொருளைக் கேட்கிறவர்களைப் பற்றி ஜெர்மானியர்களிடம் ஒரு சொல்வழக்கு இருக்கிறது: முட்டையிட்டு, கம்பளி தந்து, பாலும் கறக்கும் பன்றி. அப்படி ஒரு பிராணி உலகத்தில் இல்லை என்பதுதான் அதன் பொருள். அந்தப் பன்றியின் பெயரிலிருந்து பிறந்தது வோல்முக்ஸ். 2008-ல் நகரம் இதன் மூலநிரலை உலகத்துக்கே திறந்துவிட்டது. வரிப்பணத்தில் எழுதியதை வேறு எந்த ஊரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம். ஒரு நகரமன்றம் மென்பொருள் வாங்குகிற இடத்திலிருந்து கொடுக்கிற இடத்துக்கு வந்த நாள் அது. பால்மரின் வருகையைவிட இதைத்தான் நான் பெரிய நிகழ்ச்சியாக எண்ணுகிறேன்.

ஆனால் இப்படி ஒவ்வொரு படிவமாக அவிழ்த்துக் கட்டினால் நேரம் எடுக்காதா? எடுத்தது. 2006 செப்டம்பரில்தான் முதல் மேசைகள் லினக்ஸுக்கு மாறின. திட்டமிட்டதைவிட ஓராண்டு தாமதம். மாற்றும் முறையையும் மாற்றிக்கொண்டார்கள். முதலில் விண்டோஸிலேயே ஓப்பன் ஆபீஸை வைத்து ஊழியர்களைப் பழக்குவது, படிவங்களை ஒழுங்குசெய்வது. பிறகு அடியில் இருக்கும் இயங்குதளத்தை மாற்றுவது. 2009 முடியும்போது எல்லா மேசைகளிலும் ஓப்பன் ஆபீஸ் வந்துவிட்டது. எவரும் படிக்கக்கூடிய திறந்த ஆவண வடிவமே நகரத்துக்குள் பொது வடிவமாகிவிட்டது. ஆனால் லினக்ஸ் போய்ச் சேர்ந்த மேசைகள் 3,000-ஐ ஒட்டியே இருந்தன. ஆறு ஆண்டு முடிந்தும் ஐந்தில் ஒரு பங்குதான் என்று பத்திரிகைகள் எழுதின. திட்டம் செத்துவிட்டது என்றும் சிலர் எழுதினார்கள்.

திட்டத்தை நடத்தியவர்கள் அந்தத் தாமதத்தை மறைக்கவில்லை. இருபது வகைக் குளறுபடியை அப்படியே லினக்ஸில் நகலெடுப்பதைவிட, நின்று ஒழுங்குபடுத்திவிட்டுப் போவது மேல் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். பீட்டர் ஹோஃப்மான் தலைமையில் இருந்த குழு அது. அவர்கள் சொன்னது சரி என்பது அடுத்த நான்கு ஆண்டுகளில் தெரிந்தது. அடித்தளம் போட்டு முடித்ததும் சுவர் வேகமாக எழும்பியது. கோசா என்ற நிர்வாக மென்பொருள் வழியாக மையத்திலிருந்தே ஆயிரக்கணக்கான கணினிகளை நிறுவவும் கண்காணிக்கவும் முடிந்தது. 12,000 மேசைகளை மாற்றுவதுதான் இலக்கு. 2013 டிசம்பரில் திட்டம் முடிந்ததாக அறிவித்தபோது 15,500 மேசைகளில் சுமார் 14,800 லினக்ஸில் ஓடின.

இடையில் 2012-ல் மேயர் ஊடே நகரமன்றத்துக்கு ஒரு கணக்குக் கொடுத்தார். லினக்ஸ் மேசைகள் 1,500-லிருந்து 9,500 ஆகப் பெருகிய காலத்தில், மாதத்துக்கு அதிகபட்சம் 70 ஆக இருந்த புகார்கள் அதிகபட்சம் 46 ஆகக் குறைந்தன. அதே ஆண்டின் இறுதியில் செலவுக் கணக்கு வந்தது. லிமுக்ஸ் வழிக்கு ஆனது சுமார் 2.3 கோடி யூரோ. விண்டோஸும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸும் என்று போயிருந்தால் சுமார் 3.4 கோடி யூரோ ஆகியிருக்கும் என்றது நகரம். மைக்ரோசாஃப்டுக்காக எச்.பி. நிறுவனம் தயாரித்த ஓர் ஆய்வு இதைத் தலைகீழாகப் புரட்டியது. லினக்ஸுக்கு 6.06 கோடி, விண்டோஸுக்கு 1.7 கோடி என்றது. நகரம் அதை ஏற்கவில்லை. எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்பதிலேயே பிழை என்று பதில் சொன்னது.

வென்ற கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை.

2014-ல் ஊடே ஓய்வு பெற்றார். அதே கட்சியைச் சேர்ந்த டீட்டர் ரைட்டர் மேயரானார். அவர் முன்பு நகரத்தின் பொருளாதாரத் துறையை நடத்தியவர். மியூனிக்குக்கு வடக்கே உண்டர்ஷ்லைஸ்ஹைம் என்ற ஊரில் இருந்த மைக்ரோசாஃப்டின் ஜெர்மன் தலைமையகம் நகருக்குள் ஷ்வாபிங் பகுதிக்கு வருவதாக முடிவானது அவர் அந்தப் பதவியில் இருந்த காலத்தில்தான். 2016-ல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. தான் மைக்ரோசாஃப்ட் ரசிகர் என்று ரைட்டர் பேட்டியிலேயே சொன்னார். துணை மேயராக வந்த யோசெஃப் ஷ்மிட் எதிர்க்கட்சி வரிசையில் இருந்து வந்தவர். ஊழியர்கள் அவதிப்படுகிறார்கள் என்றும், மின்னஞ்சல், நாட்காட்டி, தொடர்பு எண்கள் மூன்றும் ஒரே இடத்தில் இல்லை என்றும் குறைசொன்னார். நடந்தவற்றின் வரிசை இது. இதற்கு மேல் நான் எதையும் ஏற்றிச் சொல்ல மாட்டேன்.

ஊழியர்களின் குறைகள் பொய் என்றும் சொல்ல மாட்டேன். வெளியிலிருந்து வரும் வேர்ட் கோப்பு திறக்கும்போது பத்தி குலைந்து போகும். மாநில அரசோ மத்திய அரசோ தரும் சிறப்பு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். அதற்காகச் சில துறைகளில் விண்டோஸ் கணினியையும் பக்கத்தில் வைத்திருந்தார்கள். சில மேசைகளில் பழைய லிமுக்ஸ் பதிப்பே ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அவசரமாக ஒரு கோப்பை முடிக்க வேண்டிய குமாஸ்தாவுக்கு, பத்தி குலைந்ததற்குக் காரணம் எந்த நிறுவனத்தின் மூடிய வடிவம் என்று விளக்கிப் பயனில்லை. அவர் முன்னால் இருப்பது லினக்ஸ். அதைத்தான் அவர் திட்டுவார்.

இங்கேதான் நகர நிர்வாகத்தின் உண்மையான நோய் மறைந்துகொண்டது. 2012-ல் கணினிப் பிரிவுகளில் பெரும்பகுதியைச் சேர்த்து நகரத்துக்கென்று ஒரு கணினி நிறுவனத்தை ஏற்படுத்தியிருந்தார்கள். ஆனாலும் துறைகளின் தனிப் பிரிவுகள் முழுதாகப் போகவில்லை. ஒரு பழுது வந்தால் யார் பொறுப்பு என்பது தெளிவாகவில்லை. மேயருக்குக் கைப்பேசியில் மின்னஞ்சல் வரத் தாமதமானால் அது சர்வர் விவகாரம், மேசையில் உள்ள லினக்ஸுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. ஆனால் பழி எல்லாம் லினக்ஸின் சின்னமான பென்குயின் மேலேயே விழுந்தது.

நிலைமையை ஆராய அக்செஞ்சர் நிறுவனத்தை அமர்த்தினார்கள். மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து அவனாட் என்ற நிறுவனத்தை 2000-லேயே தொடங்கியது அக்செஞ்சர். அப்படிப்பட்டவர்களே 2016-ல் கொடுத்த நீண்ட அறிக்கையில், சிக்கலின் வேர் பெரும்பாலும் நிர்வாக அமைப்பில் இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். துறைகள் விரும்பினால் விண்டோஸும் கிடைக்கட்டும் என்பது அவர்கள் பரிந்துரை. நகரமன்றப் பெரும்பான்மை அதையும் தாண்டிப் போனது. 2017 பிப்ரவரி 15 அன்று, எல்லா மேசைகளையும் ஒரே விண்டோஸுக்குக் கொண்டுபோகத் திட்டம் தயாரிக்கச் சொல்லித் தீர்மானம் வந்தது. அந்த ஆண்டு நகரத்தின் கணினி நிறுவனத் தலைவர் கார்ல்-ஹைன்ஸ் ஷ்னைடர், பெரிய தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் தங்களிடம் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அது வாக்குகளை மாற்றவில்லை. நவம்பர் 23 அன்று இறுதி முடிவு: சுமார் 29,000 கணினிகளுக்கு விண்டோஸ் 10, செலவு 4.93 கோடி யூரோ.

அன்று மன்றத்தில் பசுமைக் கட்சியும் சிறு கட்சிகளும் எதிர்த்தன. 2003-ல் லினக்ஸுக்குக் கை தூக்கிய சமூக ஜனநாயகக் கட்சி இம்முறை மறுபக்கம் தூக்கியது. எனக்கு இந்த இடத்தை எழுதும்போது கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். படிவம் படிவமாக அவிழ்த்து, யாரும் கேட்டிராத ஒரு பன்றியை உருவாக்கி, பதினாலாயிரத்துச் சொச்சம் மேசைகளுக்குக் கொண்டுசேர்த்த உழைப்பு அது. 2003-ல் சாவியைக் கேட்டுப் போராடியவர்கள் இருந்தார்கள். 2014-க்குப் பிறகு, அந்தச் சாவியைத் தினமும் துடைத்து எண்ணெய் போட்டுப் பாதுகாக்க அதிகாரத்தில் ஆள் இல்லை. மேயர் தன் அலுவலகத்துக்கு இது ஏன் தேவை என்று நம்பாதபோது, எந்த மென்பொருளும் அங்கே நெடுநாள் நிற்காது.

2020 மார்ச் தேர்தலுக்குப் பிறகு பசுமைக் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் மீண்டும் கூட்டணி அமைத்தன. அவர்களது ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: தொழில்நுட்பமும் நிதியும் இடம் கொடுக்கும் இடங்களில் எல்லாம் நகரம் திறந்த மூலநிரலையே நாடும், நகரம் எழுதும் நிரலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும். வோல்முக்ஸ் பிறந்தபோது அந்த நிரலாளர்கள் செய்தது அதைத்தான். ஒப்பந்தம் கையெழுத்தானபோது மேயர் நாற்காலியில் இருந்தவர் அதே டீட்டர் ரைட்டர்.

(தொடரும்)